குப்பம்மா சும்மா இருந்த நாள்

குப்பம்மா உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், மாரியம்மன் திருவிழா, எதுவானாலும் ஆக்லாந்து நகரத்து ஃபிஜித் தமிழர் சங்க மண்டபத்தின் சமையலறையில் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பாள். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மேளம் அடித்தவர்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காமல் பிந்தி வந்தவர்கள் என்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அண்டாவின் அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் வழித்து, நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். நீ சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஃபிஜித் தீவில், நாடிப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். குப்பம்மா என்ற பெயரைத் தமிழ்நாட்டில் இப்போது யாரும் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. ஃபிஜியில் அது நூறு வருஷமாகக் கறை படாமல் புழங்கிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆக்லாந்துக்கு வந்த ஐ.டி. பிள்ளைகள் அவளுடைய பெயரைக் கேட்டால் முதலில் சிரிப்பை அடக்குவார்கள். அவள் போட்ட சாம்பாரைச் சாப்பிட்ட பிறகு, "குப்பம்மாக்கா, இன்னும் கொஞ்சம்" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள்.

ஃபிஜியில் கலவரம் நடந்த காலத்தில் கணவனோடும் கைக்குழந்தையோடும் ஆக்லாந்துக்கு வந்தாள். கணவன் பஸ் ஓட்டினான். ஒரு குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மகள் பிரணவி படித்து வேலையாகி பிரிஸ்பேனில் இருக்கிறாள். குப்பம்மா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறாள். ஓடும் பெல்ட்டில் வரும் தட்டில் பன், வெண்ணெய், இனிப்பு, மூடி போட்ட கறி என்று ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். அந்த வேலையிலும் நிற்கத்தான் வேண்டும்.

அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்லாமல் போனால் பின்னால் குழப்பம் வரும். அவளுடைய முப்பாட்டன் ஆறுமுகம் வட ஆற்காட்டுக்காரன். ஆனால் குப்பம்மா வளர்ந்தது ஃபிஜி இந்தியில். அங்கிருந்த சங்கத்துப் பள்ளிக்கூடம் கொடுத்த 'அ, ஆ'வும் மாரியம்மன் பாட்டும்தான் அவளிடம் தமிழாக இருந்தன. பேச்சு வந்தது நாற்பது வயதுக்குப் பிறகு, பெல்ட்டில் பக்கத்தில் நின்ற யோகராணியிடமிருந்து. யோகராணி யாழ்ப்பாணத்துக்காரி, நகரின் இன்னொரு பக்கம் லின்ஃபீல்டிலிருந்து காரில் வருகிறவள். வாய் ஓயாதவள். அவள் கதைக்கக் கதைக்க இவளுக்கும் தமிழ் ஒட்டிக்கொண்டது. இப்படியாக, வட ஆற்காட்டு வம்சத்தில் ஃபிஜியில் பிறந்த குப்பம்மா, நியூசிலாந்தில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள். "நீங்க ஸ்ரீலங்காவா?" என்று யாராவது கேட்டால் விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு "ஓம்" என்றுவிடுவதும் உண்டு.

ஃபிஜியில் 2023ஆம் வருஷம் கிர்மிட் நாளை அரசு விடுமுறையாக்கினார்கள். நாடியில் இருக்கும் அக்காள் போனில் கூப்பிட்டு, "இன்றைக்கு எங்களுக்கெல்லாம் லீவு" என்று சொன்னபோது குப்பம்மா இடைவேளையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

கிர்மிட் என்பது ஒப்பந்தக் கூலி முறை. அடிமை வியாபாரத்தை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்ட வெள்ளைக்காரத் துரைமார், அதே கரும்பை வெட்ட அதே மாதிரி ஆட்களைக் கப்பலில் ஏற்றி, கைநாட்டு வாங்கிக்கொண்டு, இது அடிமைத்தனம் இல்லை, ஒப்பந்தம் என்றார்கள். ஐந்து வருஷம். நடுவில் விட்டுப் போனால் ஜெயில். முதல் கப்பல் ஃபிஜிக்கு வந்தது 1879 மே பதினாலு; அதுதான் கிர்மிட் நாள். எஞ்சியிருந்த கைநாட்டுகளை எல்லாம் ரத்து செய்தது 1920இல். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அது எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. பெயரை மாற்றினால் பாவம் போய்விடும் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஆக்லாந்தில் இருக்கும் ஃபிஜித் தமிழர்களுக்குச் சங்கத் தலைவர் டோர்சாமி. துரைசாமி என்று பாட்டனார் வைத்த பெயரை ஃபிஜிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்படி ஆக்கிவிட்டார், அவரும் திருத்தவில்லை. எழுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலிலும் வலி, தங்கமான மனுஷர். நியூசிலாந்திலும் மே பதினாலைச் சட்டப்படி விடுமுறையாக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு மனு எழுதி, சனிக்கிழமைதோறும் காய்கறிக் கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்குவார். குப்பம்மாவும் கையெழுத்துப் போட்டாள்.

"இது எப்போ அண்ணா நடக்கும்?" என்று கேட்டாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது ஃபிஜி இந்தியில். உறவுமுறை மட்டும் தமிழில் வரும். இங்கே எல்லாவற்றையும் தமிழாக்கித் தந்திருக்கிறது.

"மத்தாரிக்கி விடுமுறை வர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா தங்கச்சி? அது இந்த மண்ணோட சொந்தக்காரங்க பண்டிகை. அவங்களுக்கே அவ்வளவு நாள். நாம காத்திருக்கணும்."

குப்பம்மாவுக்கு ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது. நாடாளுமன்றம் யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குப் பென்ஷன் வந்துவிடும். பென்ஷன்காரிக்கு விடுமுறை எதற்கு? லீவு என்பதை வேலை இருக்கும்போதுதான் அனுபவிக்க முடியும்.

பெல்ட்டில் எதிர்ப்பக்கம் நிற்கும் சோமாலியப் பெண் ஈஸ்டர் திங்களைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு ரம்ஜான் பெருநாளை லீவாக எடுப்பது குப்பம்மாவுக்குத் தெரியும். முதலாளியும் தொழிலாளியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு அரசு விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் இல்லாவிட்டால் போகிறது, தனக்கு மட்டுமாவது அது சட்டப்படியான விடுமுறையாக இருக்கட்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் ரவிசங்கர் கோயம்புத்தூர்க்காரன். நாற்பது வயது, நேர்மையானவன், கணக்கில் புலி.

"ரவி தம்பி, எனக்கு ராசான்ர பிறந்தநாள் வேண்டாம்" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"ஜூனில இங்கிலாந்து ராசாவுக்கு எண்டு வாற லீவ நீங்களே வைச்சிருங்கோ. அண்டைக்கு நான் வேலைக்கு வாறன். அதுக்குப் பதிலா எனக்கு மே பதினாலு லீவு தாங்கோ."

ரவிசங்கர் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, இத்தனை வருஷத்துல ஒரு பப்ளிக் ஹாலிடேகூட நீங்க வீட்ல இருந்ததில்ல. அன்னிக்கு வேலை பார்த்தா கூடுதல் சம்பளம் வருது, இன்னொரு நாள் லீவும் சேருது. மாத்திக்கிட்டா ரெண்டும் போயிடும். அப்புறம் ரவி ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது."

"போகட்டும்."

"சரி, லேபர் டேயை மாத்திக்கிறீங்களா? அப்ப ஆள் பிரச்சினை எனக்குக் கொஞ்சம் கம்மி."

"அது வேலை செய்யிற ஆக்களின்ர நாள். அதக் குடுக்கேலாது. ராசா உண்மையாப் பிறந்தது நவம்பரிலயாம், யோகராணி சொன்னவ. அவர் பிறக்காத நாளில நான் லீவெடுத்து என்ன செய்யிறது?"

ரவிசங்கர் சிரித்துவிட்டான். "மே பதினாலு மட்டும் லீவெடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்டும் செய்யமாட்டன். சும்மா இருக்கப் போறன்."

அவன் இன்னும் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அந்த முகத்தில் வேடிக்கை இல்லை. "எழுதித் தந்துடறேன்க்கா" என்றான்.

அவள் ஒருத்தியோடு முடிந்திருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான். மறுநாளே பெல்ட்டில் நிற்கும் ஃபிஜிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து, தங்களுக்கும் ராஜா வேண்டாம் என்றார்கள். தட்டு கட்ட ஆள் இல்லாமல் விமானம் பட்டினியாகவா பறக்கும் என்று ரவிசங்கர் தலையில் கை வைத்தான். அவனைக் காப்பாற்றியது யோகராணி. சமோவாப் பெண்கள், பிலிப்பினோப் பெண்கள், தன்னுடைய ஆட்கள் என்று ஒவ்வொருவராகப் பேசி, அன்றைய ஷிஃப்டை நிரப்பிக் கொடுத்தாள்.

"உங்கட இடத்தில நான் நிக்கிறன் அக்கா. நீங்கள் போர்த்து மூடிக்கொண்டு படுங்கோ" என்றாள்.

அன்று சாயங்காலம் குப்பம்மா தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம். ஐம்பத்தொன்பது வருஷத்தில் தனக்காக அவள் கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்த ஒரு நாள்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. செய்தி டோர்சாமியின் காதுக்குப் போய்விட்டது. மனுஷர் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நாடாளுமன்றம் கொடுக்காததை நம் தங்கச்சி வாங்கிவிட்டாள்" என்று அறிவித்தார். கைதட்டல். மே பதினாலு மண்டபத்தில் பெரிய விழா, முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு, எம்.பி.யைக் கூப்பிடுகிறோம் என்றார். அதற்கும் கைதட்டல். "சமையல் பொறுப்பு யாருக்கு என்று நான் சொல்லவே வேண்டாம்" என்று குப்பம்மா பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் எல்லாவற்றையும்விடப் பலமான கைதட்டல் எழுந்தது.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நம் ஆட்கள் எதைக் கொண்டாடினாலும் முதலில் அடுப்பைத்தான் பற்றவைப்பார்கள். கூலிகளாக வந்தவர்களை நினைத்துக் கொண்டாடவும் ஒருத்தி விடியற்காலை எழுந்து முந்நூறு பேருக்கு வடிக்க வேண்டுமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. குப்பம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் அத்தனை பேர் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய தலை பழக்கத்தில் தானாக ஆடிவிட்டது.

"லீவெடுத்துப்போட்டு வேலையோ செய்யப் போறியள்?" என்று யோகராணி பெல்ட்டில் நின்று கத்தினாள். "அப்ப நான் ஏன் எல்லாற்ற காலையும் பிடிச்சனான்?"

"இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை, ராணி."

"அந்தாளின்ர வீட்ட போய்ச் சொல்லுங்கோ. ஒரு சொல்லு. ஏலாது. அவ்வளவுதான்."

குப்பம்மா போனாள். டோர்சாமி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி தனம்மா போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. தனம்மாவும் குப்பம்மாவும் பல வருஷம் ஒரே அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நின்று கிண்டியவர்கள். டோர்சாமி அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். அவள் உட்காரவில்லை. "விழா அன்னிக்கு அவ இருந்திருந்தா உனக்குக் கை கொடுத்திருப்பா" என்று அவர் சொன்னார். கடைசியில், பாயசமும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். முடியாது என்று சொல்லப் போனவள் சமையலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது தெரிந்து யோகராணி இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் மண்டபத்தில் காய் நறுக்க வந்துவிட்டார்கள். பூசணிக்காய் மலையாகக் குவிந்திருந்தது. ஃபிஜிக்காரர் விருந்தில் பூசணிக் கறி இல்லாவிட்டால் அது விருந்தே இல்லை. குப்பம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பெல்ட்டில் அவளோடு நிற்கும் பெண்கள். ராஜாவின் பிறந்தநாளைக் கொடுத்து இந்த நாளை வாங்கியவர்களில் ஒருத்திகூட விடுபடவில்லை. ஷிஃப்ட் முடிந்து, தலையில் வலைத்தொப்பி அழுத்திய தடம்கூட மறையாமல் நேரே வந்திருந்தார்கள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்க்கா? நாலரைக்கு வந்தா போதுமா?" என்று ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள். வேலைக்குப் போகும் நாளில்கூட அவள் ஐந்தரைக்குத்தான் எழுவாள்.

தனக்காக வராத வாய் அப்போது குப்பம்மாவுக்கு வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். "யாரும் வர வேண்டாம். நாளைக்கு நமக்கு லீவு" என்றாள். ஒருவருக்கும் புரியவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே கூடத்துக்குப் போனாள்.

கூடத்தில் ஆண்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். டோர்சாமி ஏணிக்குக் கீழே நின்று, மேலே பேனர் கட்டுகிறவனுக்கு இடம், வலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாளைக்கு நான் சமைக்க மாட்டேன். உள்ளே இருக்கிறவங்களும் சமைக்க மாட்டாங்க."

டோர்சாமிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "உடம்பு சரியில்லையா தங்கச்சி?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. நாளைக்கு எங்களுக்கு லீவு. சட்டப்படி எழுதி வாங்கின லீவு."

"அதுக்குத்தானே விழா. முந்நூறு பேர் வர்றாங்க. எம்.பி. வர்றார். இப்போ போய் இப்படிச் சொன்னா யார் சமைப்பாங்க?"

"நாளைக்கு லீவு எடுக்காதவங்க யாரு?"

டோர்சாமி விழித்தார். "நான் ரிட்டயர் ஆனவன். எனக்கு எல்லா நாளும் லீவுதானே."

"அப்போ நீங்க ஒரு நாள் வேலை செய்யலாம் அண்ணா."

யாரோ ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை இடித்தான். டோர்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல நீ இப்படிப் பேசினதில்லை" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. குப்பம்மா, திரும்பி உள்ளே போய்ப் பூசணிக்காயை எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"எங்க முப்பாட்டன் ஆறுமுகத்தைப் பத்தி எங்க வீட்ல ஒரே ஒரு கதைதான் இருக்கு" என்று ஆரம்பித்தாள். "அவன் எந்தக் கப்பல்ல வந்தான், எத்தனை அடி வாங்கினான், ஒண்ணும் தெரியாது. கிர்மிட் முடிஞ்ச மறுநாள் காலையில கூலி லைனுக்கு வெளியே ஒரு மாமரத்தடியில போய்ப் படுத்தானாம். வேலை வாங்குற சர்தார் வந்து கத்தினானாம். எழுந்திருக்கலை. துரை குதிரையில வந்து பக்கத்துல நின்னானாம். அப்பவும் எழுந்திருக்கலை. பொழுது சாயிற வரைக்கும் படுத்தே கிடந்தான். அவன் செஞ்சது அவ்வளவுதான் அண்ணா. விருந்து வைக்கலை, யாரையும் கூப்பிடலை. வேலை செய்யாம இருந்தான். அதைத்தான் எங்க வீட்ல நாலு தலைமுறையா சொல்லிட்டு இருக்காங்க."

உள்ளே இருந்த பெண்கள் கதவருகே வந்து நின்றிருந்தார்கள். டோர்சாமி அவளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏணியின் மேல் இருந்தவனைப் பார்த்து "இறங்கு" என்று மட்டும் சொன்னார். குப்பம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அவரவர் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போனாள். நாளைக்கு முந்நூறு பேர் பசியோடு திரும்பிப் போனால் அந்தப் பழி தன் தலையில்தான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மே பதினாலாம் தேதி அவள் வழக்கம்போல இருட்டோடு விழித்துக்கொண்டாள். சும்மா இருப்பது என்று முடிவு செய்துவிட்டாளே தவிர, அதை எப்படிச் செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. படுத்துப் பார்த்தாள், முதுகு வலித்தது. சோபாவில் உட்கார்ந்தாள், சோபாவின் கைப்பிடியில் தூசி தெரிந்தது. துடைக்கத் துணியை எடுத்தவள், தன் கையைத் தானே ஓர் அடி அடித்துத் துணியை வைத்தாள். யோகராணி இடைவேளையில் போன் பண்ணினாள்.

"என்ன செய்யிறியள்?"

"சும்மா இருக்கிறன்."

"பொய். தண்ணிச் சத்தம் கேக்குது."

குப்பம்மா குழாயை மூடினாள். "ஒரு கோப்பைதான் ராணி, கழுவினனான்."

"அதையும் வைச்சிட்டு உடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கோ. என்ன நடந்தாலும் போய்ப் பாக்கவேணும். பயந்து வீட்டுக்குள்ள இருக்கிறதுக்குப் பேர் லீவு இல்லை."

பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். சங்கத்து விழாவுக்கு அவள் பட்டுக் கட்டியதே கிடையாது; அண்டாவுக்குப் பக்கத்தில் பட்டு எதற்கு? மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் பருப்பு அடிபிடித்த வாசம் வந்தது. சமைக்கிறார்கள் என்று தெரிந்து நிம்மதி, இப்படிச் சமைக்கிறார்களே என்று பதைப்பு, இரண்டும் சேர்ந்து அவளைச் சமையலறைப் பக்கம் ஓடவைத்தன.

உள்ளே சங்கத்து ஆண்கள் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். விருந்தாளியாக வந்த ரவிசங்கரைக்கூட விட்டுவைக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தான். பூசணிக்காய்த் துண்டுகள் ஒன்று ஆனை, ஒன்று பூனை. சோறு களியாகக் குழைந்திருந்தது. குப்பம்மாவின் கை கரண்டிக்கு நீண்டது.

டோர்சாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். முகத்தில் மாவு. காலை மூன்று மணியிலிருந்து நிற்கிறாராம். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"உனக்கு இங்கே வேலை இல்லை தங்கச்சி. போய்ப் பந்தியில உட்காரு."

"அண்ணா, அந்தப் பருப்பு…"

"கருகிப்போச்சு. எனக்குத் தெரியும். போய் உட்காரு."

முதல் பந்தியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் குப்பம்மா. எதிரே இருந்த குழந்தைகள் அவளை வேடிக்கை பார்த்தார்கள். அவள் சாப்பிட உட்கார்ந்து யாரும் கண்டதில்லையே. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள். எம்.பி. எழுந்து, இந்த நாளைப் பற்றி நாடாளுமன்றத்தில் கட்டாயம் பேசுவேன் என்றார். கைதட்டினார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னாலும் நம் ஆட்கள் தட்டுவார்கள். பேசினால் நல்லதுதான்.

டோர்சாமி தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து நிமிரும்போது அவருடைய முழங்கால் படும் பாடு முகத்தில் தெரிந்தது. வேறு யாராவது வாளியை வாங்க வந்தால் கொடுக்கவில்லை. குப்பம்மாவுக்குச் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, அங்கேயே நின்றார். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கருகல் கசப்பு, உப்பு ஒன்றுக்கு இரண்டு. அவள் விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணா."

"பொய் சொல்லாதே." அவர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தாழ்ந்த குரலில், பந்தியில் மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "காலையில அடுப்பு முன்னால நின்னப்போ நினைச்சேன். தனம்மாவுக்கு நான் ஒரு நாள்கூடப் பரிமாறினதில்லை. நாற்பத்தாறு வருஷம். அவ சாப்பிட்டாளான்னு கேட்ட ஞாபகமும் இல்லை. சாகிற அன்னிக்கும் எனக்கு ரொட்டி சுட்டு வச்சிட்டுத்தான் படுத்தா."

உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது அண்ணா என்று ஆறுதல் சொல்லலாம், அது உண்மையில்லை. அண்டாவின் மறுபக்கத்தில் நின்ற தனம்மாவுக்கும் கால் வலித்தது, பசித்தது. அது குப்பம்மாவுக்குத் தெரியும். டோர்சாமி தலையைக் குனிந்துகொண்டு வாளியின் பிடியைத் தேடினார்.

குப்பம்மாவின் தட்டில் இன்னும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"அவளுக்கும் சேர்த்துப் போடுங்க அண்ணா."

டோர்சாமி கரண்டி நிறைய எடுத்துப் போட்டார். குப்பம்மா அதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிக்கும்வரை, அவர் வாளியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.